சிங்கப்பூரில் ஆய்வு மாணவராகச் சேரப்போகிறவர்களுக்கு: நான்கு தேதிகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

முனைவர் பட்ட ஆய்வுக்காகச் சிங்கப்பூர் வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது வாடகை எவ்வளவு, சாப்பாடு எப்படி, தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா வட்டாரம்) எந்த ரயில் போகும் என்பதைத்தான். கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் வந்த ஒரு மாதத்தில் அதற்கெல்லாம் தானாகவே பதில் கிடைத்துவிடும். நான்காம் ஆண்டில் தூக்கத்தைக் கெடுப்பவை வேறு. உதவித்தொகை எந்த மாதத்தோடு நிற்கிறது? பட்டப் பதிவு எப்போது காலாவதியாகிறது? பேராசிரியரின் ஆய்வு மானியம் எதுவரை? ஸ்டூடண்ட் பாஸ் எந்த நாள் வரை செல்லும்? இந்த நான்கு தேதிகளும் ஒரே நாளில் வருவதே இல்லை. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில்தான் நல்ல மாணவர்கள்கூடத் தடுமாறுகிறார்கள்.

அதனால் இந்த வழிகாட்டியைத் தேதிகளையும் காசையும் சுற்றியே எழுதுகிறேன். அறிவியலை உங்கள் ஆய்வகம் கற்றுக்கொடுக்கும். இதைப் பெரும்பாலும் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது: நீங்கள் மாணவர், ஊழியர் அல்ல

ஐரோப்பாவில் சில நாடுகளில் முனைவர் பட்ட ஆய்வாளர் என்பவர் சம்பளம் வாங்கும் ஊழியர். இங்கே அப்படி இல்லை. காலை ஒன்பது மணிக்கு ஆய்வகம் போய் இரவு பத்து மணிக்குத் திரும்பினாலும் சட்டத்தின் பார்வையில் நீங்கள் மாணவர்தான். கையில் வருவது சம்பளம் அல்ல, உதவித்தொகை. அதற்கு வருமான வரி கிடையாது; அது நல்ல செய்தி. மத்திய சேம நிதி கிடையாது. வேலை நியமனச் சட்டம் தரும் விடுப்பு, மகப்பேறு விடுப்பு, பணிநீக்க முன்னறிவிப்பு போன்ற பாதுகாப்புகளும் உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் உரிமைகள் எல்லாம் இரண்டு இடங்களில்தான் இருக்கின்றன: பல்கலைக்கழகத்தின் விதிமுறைகளிலும், உங்களுக்கு வந்த உதவித்தொகைக் கடிதத்திலும்.

இது சரியா, தவறா என்பதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஒரு நாட்டின் ஆய்வுக் கட்டுரைகளில் இத்தனை பங்கு மாணவர்களின் கையுழைப்பு என்றால், அவர்களுக்கு ஊழியருக்கு நிகரான பாதுகாப்பு கொஞ்சமாவது வேண்டும் என்றே நினைக்கிறேன். அது மாறும்வரை, இருக்கும் விதிகளை வரிவரியாகத் தெரிந்து வைத்திருப்பதுதான் உங்கள் கையில் உள்ள பாதுகாப்பு.

கடிதத்தை எப்படி வாசிப்பது

சலுகைக் கடிதம் வந்ததும் வீட்டில் எல்லோரும் முதலில் மாதத் தொகையைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் தொகை எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பாருங்கள்.

மூன்று வகை பொதுவாக உண்டு. ஒன்று, பல்கலைக்கழகமே தரும் ஆய்வு உதவித்தொகை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இரண்டிலும் பெரும்பாலானோர் வாங்குவது இதைத்தான். இரண்டு, சிங்கா எனப்படும் வெளிநாட்டு மாணவர் விருது. அரசின் அறிவியல் ஆய்வு முகவையான ஏ-ஸ்டார் அமைப்பும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து தருவது. மூன்று, பேராசிரியரின் திட்ட மானியத்திலிருந்து வரும் தொகை. முதல் இரண்டும் உங்கள் பெயரில் இருப்பவை. மூன்றாவது அவருடைய மானியத்தோடு கட்டப்பட்டது. மானியம் முடிந்தாலோ, நீங்கள் வழிகாட்டிப் பேராசிரியரை மாற்ற நினைத்தாலோ தொகையும் கேள்விக்குள்ளாகும். கடிதத்தில் தெளிவாக இல்லையென்றால் துறை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சிங்கா விருதை எடுத்துக்கொண்டால், மாதம் 2,700 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), தகுதித் தேர்வில் (அது பற்றிக் கீழே) தேறியதும் 3,200 வெள்ளி, நான்கு ஆண்டு வரை, கல்விக் கட்டணமும் சேர்த்து. படித்து முடித்து இங்கேயே வேலை பார்க்க வேண்டும் என்ற ஒப்பந்தக் கட்டாயம் அதில் இல்லை. சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் ஏ-ஸ்டார் தரும் தேசிய அறிவியல் உபகாரச் சம்பளம் வேறு வகை. அதில் பணிக் கட்டாயம் உண்டு, பாதியில் விலகினால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டி வரும். உள்ளூர்ப் பிள்ளைகள் பதினெட்டு, இருபத்திரண்டு வயதில் கையெழுத்திடுகிறார்கள். கையெழுத்துக்கு முன்பு, ஏற்கெனவே அந்தக் கட்டாயப் பணியை முடித்த ஒரு அண்ணனையோ அக்காவையோ தேடிப் பேசுங்கள்.

கடிதத்தில் அடிக்கோடிட வேண்டிய மற்றவை: எத்தனை மாதம் என்ற எண், பாடங்களில் காக்க வேண்டிய குறைந்தபட்ச மதிப்பெண் சராசரி, தகுதித் தேர்வுக்கான கெடு, ஆண்டு விடுப்பு நாட்கள், நீண்ட விடுப்பு எடுத்தால் தொகை நிற்குமா, கற்பித்தல் உதவி எத்தனை மணி நேரம், வெளியே பகுதிநேர வேலைக்கு அனுமதி உண்டா. கடைசியதில் பலர் ஏமாறுகிறார்கள். அங்கீகரிக்கப்பட்ட கல்வி நிலையங்களில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்கள் பருவ காலத்தில் வாரம் 16 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம் என்பது பொது விதி. ஆனால் உதவித்தொகை வாங்குபவருக்கு அந்த உதவித்தொகையின் நிபந்தனைதான் முதலில். அதில் தடை இருந்தால் துணைப்பாட வகுப்பு எடுப்பதுகூடச் சிக்கலாகும்.

திருமணமானவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். டிபென்டன்ட் பாஸ் என்பது எம்ப்ளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ் என்ற வேலை அனுமதிகளை வைத்திருப்போரின் குடும்பத்துக்கானது, அதற்கும் மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி வேண்டும். ஆய்வு மாணவராக இருக்கும் ஆண்டுகளில் அந்த வழி திறக்காது. வீட்டில் இதை முன்கூட்டியே பேசி முடிவெடுப்பது நல்லது.

மானியம் என்ற ஆறு எங்கே பிறக்கிறது

அறிவியல் கொள்கை என்றால் அமைச்சர்கள் பேசும் விஷயம் என்று ஒதுக்கிவிடுகிறோம். உங்கள் ஆய்வகத்தில் வேதிப்பொருள் வாங்கப் பணம் இருக்கிறதா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

சிங்கப்பூர் தன் அறிவியலை ஐந்தாண்டுத் திட்டங்களாக நடத்துகிறது. 1991ஆம் ஆண்டு முதல் திட்டத்துக்கு ஒதுக்கியது 2 பில்லியன் வெள்ளி. 2021 முதல் 2025 வரையிலான திட்டத்துக்கு முதலில் 25 பில்லியன் அறிவித்து, பிறகு 3 பில்லியன் சேர்த்தார்கள். 2026 முதல் 2030 வரை 37 பில்லியன். பிரதமர் அலுவலகத்தின் கீழ் 2006ல் அமைக்கப்பட்ட தேசிய ஆய்வு அறநிறுவனம் இதன் திசையை வகுக்கிறது. அங்கிருந்து பணம் பல வாய்க்கால்களில் ஓடுகிறது. கல்வி அமைச்சின் கல்விசார் ஆய்வு நிதி மூன்று அடுக்காக வருகிறது: டியர் 1 பல்கலைக்கழகமே பங்கிட்டுத் தருவது, டியர் 2 போட்டியில் வெல்ல வேண்டியது, டியர் 3 பெரிய குழுக்களுக்கானது. மருத்துவ ஆய்வுக்கு சுகாதார அமைச்சின் கீழ் தேசிய மருத்துவ ஆய்வு மன்றம். ஏ-ஸ்டார் ஆய்வுக்கூடங்கள் பயோபோலிஸ், ஃபியூஷனோபோலிஸ் வளாகங்களில் தனி ஒதுக்கீட்டோடு இயங்குகின்றன.

இதனால் உங்களுக்கு என்ன? ஒரு திட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் காலத்தில் முன்னுரிமைகள் மாறும். நேற்றுவரை செல்லப்பிள்ளையாக இருந்த துறைக்குப் புதுப்பிப்பு கிடைக்காமல் போகலாம், மையங்கள் பெயர் மாறலாம், ஒன்றோடு ஒன்று இணையலாம். டியர் 2 போன்ற மானியம் பொதுவாக மூன்று ஆண்டு; உங்கள் படிப்போ நான்கு ஆண்டு. நீங்கள் சேரும்போது அந்த மானியத்தில் ஏற்கெனவே ஒன்றரை ஆண்டு கழிந்திருந்தால், உங்கள் முக்கியமான சோதனைகள் நடக்கும் மூன்றாம் ஆண்டில் ஆய்வகம் அடுத்த மானியத்துக்குக் காத்துக்கொண்டிருக்கும். உங்கள் உதவித்தொகை பாதுகாப்பாக இருக்கலாம். ஆனால் எலிகள், மரபணு வரிசையாக்கம், சுத்த அறை நேரம், மாநாட்டுப் பயணம் எல்லாம் மானியத்திலிருந்துதான்.

ஆகவே ஆய்வகம் தேர்ந்தெடுக்கும்போது தலைப்பு எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவு அக்கறையோடு இவற்றையும் கேளுங்கள். நேரடியாகக் கேட்கலாம், இங்கே பேராசிரியர்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

"புரொஃப், இந்தத் திட்டம் எந்த மானியத்தில் நடக்கிறது? அது எந்த ஆண்டு வரை இருக்கிறது?"

"அது முடிந்த பிறகு என் வேலைக்கான செலவு எங்கிருந்து வரும்?"

"இதுவரை உங்கள் ஆய்வகத்தில் பட்டம் பெற்றவர்கள் சராசரியாக எவ்வளவு காலம் எடுத்தார்கள்? இப்போது எங்கே இருக்கிறார்கள்?"

மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலை அதே ஆய்வகத்தில் படித்து முடித்தவரிடம் தனியாகச் சரிபாருங்கள். பாதியில் போனவர் யாராவது இருந்தால் அவரிடமும் பேசுங்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் பேராசிரியரிடம் காசு பற்றிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள். நான்கு ஆண்டு உங்கள் இளமையை ஒரு இடத்தில் வைக்கிறீர்கள். கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

வந்திறங்கிய முதல் வாரங்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஸ்டூடண்ட் பாஸ் நடைமுறைகளை முடித்ததும் சிங்பாஸ் கணக்கு (அரசு இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கு), வங்கிக் கணக்கு, பேநவ் (கைபேசி எண் வழியே பணம் அனுப்பும் சேவை) இந்த வரிசையில் செய்யுங்கள். விடுதியில் இடம் கிடைத்தால் முதல் ஆண்டு விடுதியிலேயே இருங்கள். வெளியே என்றால் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துக்கு கிளமெண்டி, வெஸ்ட் கோஸ்ட், டோவர் பக்கம். நன்யாங்குக்கு பூன் லே, பயனியர், ஜூரோங் வெஸ்ட். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டில் அறை எடுத்தால் குறைந்தபட்ச வாடகைக் காலம் ஆறு மாதம். ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டுவது வாடகைக்கு இருப்பவரின் பொறுப்பு. நான்கு ஆண்டுக்கு உட்பட்ட ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. வாட்ஸ்அப் குழுவில் பார்த்த அறைக்கு, வீட்டைப் பார்க்காமல் முன்பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள். முகவர் என்று சொல்பவரின் பதிவு எண்ணைச் சொத்து முகவர் மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள்.

வீட்டுக்குப் பணம் அனுப்புவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கல்விக் கடன், தங்கையின் படிப்பு, அப்பாவின் மருந்து என்று பலருக்கும் பொறுப்புகள் இருக்கின்றன. அனுப்புங்கள், ஆனால் மூன்று மாதச் செலவுக்கான தொகையைத் தனியாக ஒதுக்கிய பிறகு. ஏன் மூன்று மாதம் என்பது கீழே வரும்.

தகுதித் தேர்வு வரை

முதல் இரண்டு ஆண்டில் பாடங்கள், ஆய்வு முன்மொழிவு, வாய்மொழித் தேர்வு. இந்தத் தகுதித் தேர்வில் தேறினால்தான் நீங்கள் முனைவர் பட்டத்துக்கு உறுதியான மாணவர். தேறாவிட்டால் பெரும்பாலும் இன்னொரு வாய்ப்புத் தருவார்கள். அதுவும் போனால் முதுநிலைப் பட்டத்தோடு வெளியேறும் வழி இருக்கும்.

தேர்வைவிட முக்கியமானது உங்கள் ஆய்வேட்டு ஆலோசனைக் குழு. வழிகாட்டியைத் தவிர இன்னும் இரண்டு பேராசிரியர்கள் அதில் இருப்பார்கள். பெயருக்கு ஆண்டுக்கு ஒருமுறை சந்திக்கும் குழுவாக அதை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு சந்திப்புக்கும் பிறகு, பேசியதை ஐந்தாறு வரிகளில் எழுதி எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள்: எது முடிந்தது, பட்டத்துக்கு இன்னும் எது வேண்டும் என்று குழு சொன்னது, அடுத்த சந்திப்பு எப்போது. பின்னாளில் "இன்னும் ஒரு கட்டுரை வேண்டும்" என்று இலக்கு நகரும்போது அந்த மின்னஞ்சல்தான் உங்களுக்குத் துணை. வழிகாட்டியை மாற்ற வேண்டியிருந்தாலும் தகுதித் தேர்வுக்கு முன்பே மாற்றுவது எளிது. அதற்குப் பிறகு மாற்றுவதும் நடக்கிறது, ஆனால் இழக்கும் மாதங்கள் அதிகம்.

சிக்கல் வரும்போது

கட்டுரையில் யார் பெயர் எந்த இடத்தில் என்பது எல்லா ஆய்வகங்களிலும் புகையும் விஷயம். 2010ல் இங்கே நடந்த உலக மாநாட்டில் உருவான ஆய்வு நேர்மைக்கான சிங்கப்பூர் அறிக்கை என்ற ஆவணம் உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆசிரியர் பட்டியலில் தகுதி உள்ள அனைவரும் இருக்க வேண்டும், தகுதி உள்ளவர்கள் மட்டுமே இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. வேலை தொடங்கும்போதே யார் என்ன செய்வது, பெயர் வரிசை எப்படி என்று பேசி எழுதி வைத்துவிடுங்கள். கையெழுத்துப் பிரதி தயாரான பிறகு பேசினால் அது சண்டையாகத்தான் முடியும்.

ஆய்வக ஏட்டை நாள் தவறாமல் எழுதுங்கள். தரவின் நகலைப் பல்கலைக்கழகம் அனுமதித்த சேமிப்பில் வையுங்கள். மனிதத் திசு, நோயாளித் தரவு என்றால் 2015ஆம் ஆண்டின் மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டம் குறுக்கே வரும். நெறிமுறைக் குழு அனுமதி வருவதற்கு முன்பு ஒரு மாதிரியைக்கூடத் தொடக்கூடாது, மூத்தவர் சொன்னாலும் சரி.

வழிகாட்டியோடு உறவு முறிந்தால் படிப்படியாகப் போங்கள்: முதலில் ஆலோசனைக் குழுவில் உள்ள ஒருவர், அடுத்து துறையின் பட்டமேற்படிப்புப் பொறுப்பாளர், அப்புறம் புலம், கடைசியாக மாணவர் குறைதீர் அமைப்பு. திட்டு, மிரட்டல், தொல்லை என்ற அளவுக்குப் போனால் இந்த வரிசைக்காகக் காத்திருக்க வேண்டாம். 2014ஆம் ஆண்டின் துன்புறுத்தலிலிருந்து பாதுகாப்புச் சட்டம் மாணவர்களுக்கும் பொருந்தும். நாள், நேரம், சொன்ன வார்த்தை, உடனிருந்தவர் என்று குறித்து வையுங்கள்.

மனம் சோர்ந்து போவதை வெட்கமாக நினைக்காதீர்கள். சோதனை தோற்பது இந்தத் தொழிலின் அன்றாடம். அதோடு ஊர் நினைப்பும், "இன்னும் படிப்பு முடியலையா?" என்று தொலைபேசியில் வரும் கேள்வியும் சேர்ந்தால் யாருக்கும் கனக்கும். பல்கலைக்கழக ஆலோசகரைப் பாருங்கள். நள்ளிரவில் பேச ஆள் வேண்டுமென்றால் 1771 என்ற தேசிய மனநல உதவி எண் நாள் முழுவதும் இயங்குகிறது; உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் 1767. இந்த இரண்டு எண்களையும் இப்போதே கைபேசியில் சேமித்துவிட்டு மேலே படியுங்கள்.

மூன்றாம் ஆண்டிலேயே வேலை தேடத் தொடங்குங்கள்

உதவித்தொகை 48 மாதத்தில் நிற்கும். பட்டப் பதிவு பொதுவாக ஐந்து ஆண்டு வரை இருக்கும். ஆய்வேட்டைச் சமர்ப்பித்த பிறகு தேர்வாளர்களின் அறிக்கை வந்து, வாய்மொழித் தேர்வு முடிந்து, திருத்தம் செய்து, பட்டம் உறுதியாகப் பல மாதங்கள் ஆகும். 48ஆவது மாதத்தில்தான் எழுதத் தொடங்குவீர்கள் என்றால் அந்த மாதங்களுக்கு வாடகை யார் கட்டுவது? மேலே சொன்ன மூன்று மாதச் சேமிப்பு இதற்குத்தான். இதைவிட நல்ல வழி, 40ஆவது மாதத்தில் புதிய சோதனைகளை நிறுத்திவிட்டு எழுத உட்காருவது. வழிகாட்டி ஒப்புக்கொள்ளத் தயங்குவார். அதனால்தான் இந்தத் திட்டத்தை மூன்றாம் ஆண்டுக் குழுச் சந்திப்பிலேயே மேசையில் வைக்க வேண்டும்.

படிப்பு முடிந்தால் ஸ்டூடண்ட் பாஸை 7 நாட்களுக்குள் ரத்து செய்ய வேண்டும். இங்கேயே வேலை தேட விரும்பும் பட்டதாரிகள் நீண்டகால வருகை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம்; அதிகபட்சம் ஓர் ஆண்டு. பாஸ் முடிவதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

எம்ப்ளாய்மென்ட் பாஸ் கணக்கைப் புரிந்துகொள்ளாமல் நேர்முகத் தேர்வுக்குப் போகாதீர்கள். 2025 ஜனவரி முதல் குறைந்தபட்சத் தகுதிச் சம்பளம் 5,600 வெள்ளி, நிதித் துறைக்கு 6,200. ஆனால் அது 23 வயதுக்காரருக்கான எண். வயது கூடக்கூட அதுவும் கூடி, 45 வயதில் 10,700 வரை போகிறது. முனைவர் பட்டம் முடிக்கும்போது உங்களுக்கு முப்பது வயது என்றால் தேவைப்படும் தொகை 7,000 வெள்ளியைத் தாண்டிவிடும். இளநிலைப் பட்டத்தோடு வேலைக்குப் போன நண்பருக்கு இல்லாத சுமை இது. படித்த ஆண்டுகளே எதிராக நிற்பதுபோல் தெரியும் இந்த இடத்தை, கொள்கை வகுப்பவர்கள் திரும்பப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அதற்குமேல் 2023 செப்டம்பரிலிருந்து காம்பஸ் என்ற புள்ளி முறை. 40 புள்ளி வேண்டும். சம்பளம், கல்வித் தகுதி, நிறுவனத்தில் எந்தெந்த நாட்டவர் எவ்வளவு, உள்ளூர் ஊழியர் விகிதம் என்று நான்கு அளவுகோல்கள். பற்றாக்குறைத் திறன் பட்டியலில் உள்ள வேலை என்றால் கூடுதல் புள்ளி. சிங்கப்பூரின் தன்னாட்சிப் பல்கலைக்கழகப் பட்டத்துக்குக் கல்விப் பிரிவில் முழு 20 புள்ளி கிடைக்கும். சிறிய நிறுவனமும் மோசமில்லை: தொழில்நிபுணர்கள், மேலாளர்கள் 25 பேருக்குக் குறைவாக இருந்தால், நாட்டவர் கலவைக்கும் உள்ளூர் விகிதத்துக்கும் தலா 10 புள்ளி தானாகவே வந்துவிடும். மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் சுய மதிப்பீட்டுக் கருவி இருக்கிறது. சம்பளம் பேசுவதற்கு முந்தைய நாள் உங்கள் வயதையும் தொகையையும் போட்டுப் பாருங்கள். கீழே எவ்வளவு இறங்க முடியாது என்பது தெரிந்துவிடும்.

எங்கே தேடுவது? பேராசிரியர் வேலை இந்தச் சிறிய தீவில் மிகச் சிலருக்குத்தான். அதை மட்டுமே நம்பித் திட்டமிட வேண்டாம். உட்லண்ட்ஸில் மைக்ரான், குளோபல்ஃபவுண்டரீஸ் போன்ற சில்லு ஆலைகள், பயோபோலிஸில் பி அண்ட் ஜி புத்தாக்க மையம், துவாஸ் பக்கம் மருந்து உற்பத்தி, சுகாதார அறிவியல் ஆணையம் போன்ற ஒழுங்குமுறை அமைப்புகளோடு பேசும் ஆவணப் பணி, காப்புரிமை, மருத்துவச் சோதனை ஒருங்கிணைப்பு என்று வழிகள் உண்டு. கண்டுபிடிப்பைத் தொழிலாக்க நினைப்பவர்களுக்கு சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 2018ல் தொடங்கிய கிரிப் திட்டம் இருக்கிறது. உள்ளூர்க்காரர்களுக்கு, நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே பட்டம் முடிக்கும் தொழில்துறை முனைவர் பட்டத் திட்டத்தை நான் மனதாரப் பரிந்துரைப்பேன். சம்பளம், சேம நிதி இரண்டும் உண்டு.

பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராகச் சேர்ந்தால் அன்று முதல் நீங்கள் ஊழியர். வேலை நியமனச் சட்டம் பொருந்தும், வருமான வரியும் வரும். ஒப்பந்தம் பெரும்பாலும் ஓராண்டு, ஈராண்டுதான். புதுப்பிப்பு பேராசிரியரின் மானியத்தைப் பொறுத்தது. ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே எழுத்தில் கேளுங்கள். நாட்டை விட்டுப் போவதாக முடிவு செய்தால், வேலையளிப்பவர் ஒரு மாதத்துக்கு முன்பே உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்குத் தெரிவித்து, வரித் தீர்வு வரும்வரை உங்கள் கடைசிச் சம்பளத்தைப் பிடித்து வைப்பார். விமானச் சீட்டு, வீட்டு வாடகை, அடுத்த ஊரில் முன்பணம் எல்லாம் அந்தச் சம்பளம் இல்லாமலே சமாளிக்கும்படி கடைசி இரண்டு மாதத்தைத் திட்டமிடுங்கள்.